சதாரா தந்த கர்மவீரர்

நம்மவர்களுக்குக் கர்மவீரர் என்றால் காமராஜர். மராத்தியர்கள் அப்பெயரால் போற்றுவது பாவுராவ் பாட்டீலை. பூனாவிலிருந்து கோலாப்பூர் செல்லும் ரயில் பாதையிலுள்ள சதாராவே அவர் பாடுபட்ட ஊர்.

1887 செப்டம்பர் 22-ஆம் தேதி, கோலாப்பூர் அருகே கும்போஜ் கிராமத்தில் ஜைனக் குடும்பத்தில் பிறந்தார். மெட்ரிக் தேறவில்லை. தாழ்த்தப்பட்ட மாணவர்களின் விடுதித் திறப்பு விழாவுக்குப் போனதற்காக, தாம் தங்கியிருந்த ஜைன விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். ட்யூஷன் சொல்லிக் கொடுத்தார். பிறகு கிர்லோஸ்கர் இரும்புக் கலப்பை விற்க ஊர் ஊராகச் சுற்றினார். குடியானவர் வீடுகளில் எழுத்து வாசனையே இல்லாததை அப்போது நேரில் கண்டார்.

1919-ல் காலே கிராமத்தில் ரயத் சிட்சண சன்ஸ்தாவைத் தொடங்கினார். ரயத் என்றால் குடியானவன். 1924-ல் அது சதாராவுக்கு மாறியது. அங்கே அவர் நடத்திய விடுதியில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சேர்ந்து சமைத்து, ஒரே பந்தியில் உண்டனர். 1927-ல் காந்திஜி வந்து அதற்கு ஷாஹு மகாராஜாவின் பெயரைச் சூட்டினார். பண்டம் தீர்ந்த நாட்களில் மனைவி லட்சுமிபாயின் நகைகள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசியில் தாலியும் போயிற்று. 1930-ல் அந்த அம்மாள் காலமானார். பாட்டீலின் புகழில் பாதி அவருக்கே சேர வேண்டும்.

பள்ளியே இல்லாத கிராமங்களில் ஓராசிரியர் பள்ளிகளைத் திறந்தார். கட்டடம் கிடையாது, கோயிலோ சாவடியோ போதும். ஊரார் இடம் கொடுத்தார்கள், ஊராரே கவனித்துக் கொண்டார்கள். இப்படி ஐந்நூறுக்கு மேல் ஏற்பட்டன. விடுதிக்கு வீட்டுக்கு ஒரு பிடி தானியம் வசூல். 1940-ல் சதாராவில் தொடங்கிய உயர்நிலைப் பள்ளியில் ஏழை மாணவர் நிலத்தில் உழைத்துப் படித்தனர். தருமச் சோறு என்று எவரும் தலைகுனிய வேண்டியிருக்கவில்லை.

சோதனை 1948-க்குப் பின் வந்தது. காந்திஜி கொலையை அடுத்து எழுந்த பூசலில் பாட்டீலின் பேச்சு ஆட்சியாளருக்குப் பிடிக்கவில்லை. பம்பாய் அரசு மானியத்தை நிறுத்தியது. சர்க்கார் பணத்தை மட்டுமே நம்பிய பள்ளியானால் அன்றே பூட்டுத் தொங்கியிருக்கும். இவருக்கோ கிராமங்கள் கைகொடுத்தன. காட்கே மகராஜ் முதல்வர் கேரிடம் எடுத்துச் சொன்னார், மானியம் திரும்பியது.

மெட்ரிக் தேறாத அந்த மனிதருக்கு 1959-ல் பூனா பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்தது. அதே ஆண்டு பத்ம பூஷண் விருதும் வந்தது. மே 9-ஆம் தேதி அவர் காலமானார்.