சிறுநீரில் வந்த ரத்தம்... 9 ஆண்டுகள் கழித்து நடந்த ஆபரேஷன்! அமெரிக்க துணை அதிபர் ஹம்ப்ரியின் கதை

அமெரிக்க அதிபர் பதவியை நூலிழையில் தவறவிட்டவர் ஹியூபர்ட் ஹம்ப்ரி. அவரது உயிரைப் பறித்தது சிறுநீர்ப்பை புற்றுநோய். அறிகுறி முதலிலேயே தெரிந்தும் என்ன ஆச்சு?

யார் இந்த ஹம்ப்ரி?

1911-ல் தெற்கு டகோட்டாவில் பிறந்தவர். அப்பாவின் மருந்துக்கடையில் மருந்தாளுநராக வேலை பார்த்தவர். பிறகு மினியாபோலிஸ் மேயர், செனட்டர் என உயர்ந்தார். கறுப்பின மக்களுக்காகக் கொண்டுவரப்பட்ட 1964 சிவில் உரிமைச் சட்டம் செனட்டில் நிறைவேற முன்னின்று உழைத்தார். 1965-ல் துணை அதிபரானார்.

1967-ல் என்ன நடந்தது?

சிறுநீரில் ரத்தம் வந்தது. பரிசோதனை நடந்தது. ஆனால் அது புற்றுநோய்தானா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பெரிய ஆபரேஷன் எதுவும் செய்யப்படவில்லை. அடுத்த ஆண்டு அதிபர் தேர்தலில் நிக்சனிடம் 1 சதவீதத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் தோற்றார்.

1971-ல் மீண்டும் செனட்டரானார். பின்னர் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தும் நோய் அடங்கவில்லை. 1976-ல் அது சிறுநீர்ப்பையின் உட்சுவரைத் தாண்டி ஆழமாக ஊடுருவியது தெரியவந்தது. அக்டோபரில் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் அவரது சிறுநீர்ப்பை அகற்றப்பட்டது.

இது என்ன ஆபரேஷன்?

புற்று மேலோட்டமாக இருந்தால், சிறுநீர் வரும் வழியாகவே கருவியைச் செலுத்திச் சுரண்டி எடுத்துடலாம். தசைக்குள் இறங்கிவிட்டால் சிறுநீர்ப்பையையே எடுக்க வேண்டிவரும். ஆண்களுக்கு புராஸ்டேட் சுரப்பியும் சேர்த்து அகற்றப்படும். பெரும்பாலும் சிறுகுடலின் ஒரு துண்டை வெட்டி, வயிறு வழியாகச் சிறுநீர் வெளியேற புதுப் பாதை அமைப்பார்கள்.

அடுத்த மாதமே நடந்த தேர்தலில் ஹம்ப்ரி மீண்டும் ஜெயித்தார். ஆனால் 1977 ஆகஸ்டில், அகற்ற முடியாத கட்டி இடுப்புக்குழியில் இருப்பது தெரிந்தது. 1978 ஜனவரி 13-ல், 66 வயதில் காலமானார்.

மரணத்துக்குப் பிறகு வந்த விடை

1990-களில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள், பத்திரமாக இருந்த அவரது 1967 சிறுநீர் மாதிரியையும் 1976-ல் எடுத்த கட்டியையும் சோதித்தனர். இரண்டிலும் பி53 என்ற மரபணுவில் ஒரே மாதிரியான மாற்றம்! நோயின் தடயம் 9 ஆண்டுகளுக்கு முன்பே அந்த மாதிரியில் இருந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் சோதனைதான் அன்று இல்லை.

சிறுநீரில் ரத்தம் வந்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. கல், தொற்று காரணமாகவும் வரலாம். ஆனால் வலியே இல்லாமல் ஒரே ஒரு தடவை வந்து நின்றாலும், தானா சரியாயிடுச்சுன்னு விட்டுடாதீங்க. உடனே சிறுநீரகவியல் மருத்துவரைப் பாருங்க.