பேஸ்கட்பால் ரெஃபரி கையால் பேசுவது ஏன்? தமிழ்நாட்டில் அதற்கு வழி போட்ட ஹாரி பக் யார்?

காரைக்குடி செக்காலையில் நடக்கும் பேஸ்கட்பால் மேட்ச்சோ, ஒலிம்பிக் ஃபைனலோ, விசில் அடித்ததும் ரெஃபரி மூடிய முஷ்டியை உயர்த்தினால் அது ஃபவுல். விரல்களைச் சேர்த்து உள்ளங்கையை உயர்த்தினால் டிராவலிங், டபுள் டிரிபிள் போன்ற விதிமீறல். இரண்டு கைகளையும் 'டி' வடிவில் வைத்தால் டெக்னிக்கல் ஃபவுல். எந்த ஊர்க்காரருக்கும் புரிந்துவிடும்.

இந்தச் சைகைகளை முறையாகச் செய்யப் பயிற்சி பெற்ற ஆட்கள் நம்மிடம் உருவானதற்குப் பின்னாடி ஓர் அமெரிக்கர் இருக்கிறார். அவர்தான் ஹாரி குரோ பக்.

யார் இந்த பக்?

1884-ல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். ஸ்பிரிங்ஃபீல்டு நகரின் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில் படித்தார். 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நைஸ்மித் பேஸ்கட்பாலை உருவாக்கியது அதே கல்லூரியில்தான். நைஸ்மித் எழுதிய 13 விதிகளிலேயே நடுவர்களுக்கு வேலை பிரிக்கப்பட்டிருந்தது. ஒருவர் வீரர்களைக் கவனித்து ஃபவுலைக் குறிக்கணும், இன்னொருவர் பந்தைக் கவனிக்கணும். ஆட்டம் பிறந்தபோதே நடுவரும் பிறந்துட்டார்!

மெட்ராஸில் என்ன செய்தார்?

1919-ல் பக் மெட்ராஸ் வந்தார். அப்போது பள்ளிகளில் உடற்பயிற்சி என்றால் பெரும்பாலும் டிரில்தான். பலருக்கு ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றவர்களே ஆசிரியர்கள். இதற்கெனப் படித்த ஆசிரியர்கள் வேணும் என்று நினைத்த பக், 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். மேற்கத்திய ஆட்டங்களோடு இந்திய உடற்பயிற்சிகளுக்கும் அங்கே இடம் கொடுத்தார். சென்னை நந்தனத்தில் இன்றும் அந்தக் கல்லூரி இயங்குகிறது.

1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய அணியின் மேனேஜரும் இவரே. பல விளையாட்டுகளின் விதிகளைத் தொகுத்து ஒரே புத்தகமாகவும் வெளியிட்டார். ஆளுக்கொரு விதி பேசாமல், எல்லோரும் ஒரே விதியைப் பார்த்து ஆட அது உதவியது. 1943-ல் பக் காலமானார்.

இன்றைய சைகைகள் பக் கண்டுபிடித்தவை அல்ல. 1932-ல் தொடங்கப்பட்ட சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவின் விதிப்புத்தகத்தில் உள்ளவை. ஆனால் விதிப்புத்தகம் இருந்தா மட்டும் போதாது, அதைப் படித்து மைதானத்தில் நடத்திக்காட்ட ஆள் வேணும். அந்த ஆட்களை உருவாக்கும் படிப்புக்கு இங்கே வழி போட்டவர் பக்.

சைகை தப்பினால் என்ன ஆகும்?

ஃபவுலைக் கொடுப்பதோடு ரெஃபரியின் வேலை முடிவதில்லை. ஸ்கோர் டேபிளில் இருப்பவர்களுக்கு வீரரின் நம்பர், ஃபவுலின் வகை, ஃப்ரீ த்ரோ எத்தனை அல்லது பந்து எந்தப் பக்கம் என்பதை வரிசையாகக் கையால் காட்டணும். கூட்டத்தின் சத்தத்தில் வாயால் சொன்னா கேட்காது.

ஃபிபா விதிப்படி 5 ஃபவுல் ஆனால் வீரர் வெளியேறணும். நம்பரைக் காட்டும் விரலில் ஒன்று குறைந்தால், தப்பு செய்யாதவர் கணக்கில் ஃபவுல் ஏறும். அது அவரோட ஐந்தாவது ஃபவுலாக இருந்தால்? மேட்ச்சே திசை மாறிடும். அதனால்தான் ரெஃபரி அவசரப்படாமல், எல்லோருக்கும் தெரியும்படி நின்று காட்ட வேண்டும் என்று பயிற்சியில் வலியுறுத்துகிறார்கள்.

உடற்கல்விப் படிப்பு சென்னையைத் தாண்டியும் பரவியது. காரைக்குடியிலேயே அழகப்பா உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. இப்படிப் படித்து வரும் பி.டி. வாத்தியார்கள்தான் பல பள்ளி மேட்ச்களில் விசிலும் பிடிக்கிறார்கள். அடுத்த முறை உங்க டீமுக்கு எதிராக முஷ்டி உயர்ந்தால், கத்துறதுக்கு முன்னாடி அடுத்து வரும் விரல்களைப் பாருங்க. யார் மேல, என்ன ஃபவுல் என்பதை ரெஃபரி உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறார்.