ராமானுஜன் குடியிருந்த வீடுகள்

கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் ஒரு சின்ன ஓட்டு வீடு. வாசலில் திண்ணை. தெருவைப் பார்த்த ஓர் அறை. அதில் ஒரு ஜன்னல். கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு அதுதான்.

அவர் பிறந்தது ஈரோட்டில், பாட்டி வீட்டில். 1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ந்தேதி. தகப்பனார் சீனிவாச அய்யங்கார், கும்பகோணத்தில் ஜவுளிக்கடைக் குமாஸ்தா. மாதச் சம்பளம் 20 ரூபாய். அது போதவில்லை. ஆகவே, கல்லூரியில் படிக்க வந்த வெளியூர்ப் பையன்களுக்குத் தாயார் கோமளத்தம்மாள் வீட்டிலேயே இடமும் சாப்பாடும் கொடுத்தார்.

பணத்துக்காகச் செய்த ஏற்பாடு அது. அதனால் இன்னொரு லாபமும் கிடைத்தது! அந்த மாணவர்களிடம் சிறுவன் ராமானுஜன் கணக்குக் கேட்டுத் தெரிந்துகொண்டான். கொஞ்ச நாளில் அவர்களிடம் சரக்குத் தீர்ந்துவிட்டது.

காகிதம் விலை அதிகம். அதனால் திண்ணையில் உட்கார்ந்து சிலேட்டில் கணக்குப் போடுவார். துணியை எடுத்துத் துடைக்கப் பொறுமை இராது. முழங்கையாலேயே அழிப்பார். முழங்கை கறுத்துப் போயிற்று. விடையை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்வார். சாப்பிட எழுந்திருக்கவும் மனம் வராது. தாயார் சோற்றைப் பிசைந்து கையில் வைப்பார் என்று சொல்வார்கள். இந்த வீட்டுச் சாப்பாட்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதுவே பெரிய சங்கதி ஆகப்போகிறது.

1904-ல் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறு எதையும் படிக்கவில்லை. உபகாரச் சம்பளம் போயிற்று. 1905-ல் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிவிட்டார். திரும்பி வந்து, மறு ஆண்டு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் தேறவில்லை.

சென்னையில் இரவல் இடம்

1909-ல் ஜானகி அம்மாளுடன் திருமணம் நடந்தது. சம்பாதிக்க வேண்டிய கட்டாயம் வந்தது. நோட்டுப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு வந்தார். சொந்த இடம் ஏது? மாணவர் விடுதியில் நண்பரின் அறையில் ஒண்டிக்கொண்டார். நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். சும்மா வாங்கிச் சாப்பிட ராமானுஜனுக்கு மனம் ஒப்பவில்லை. வேலை தேடினார்.

1912 மார்ச் 1-ந்தேதி துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. சம்பளம் 30 ரூபாய். அதன் பிறகுதான் ஜார்ஜ் டவுனில் குடித்தனம். மனைவியும் தாயாரும் வந்து சேர்ந்தார்கள். பிறகு திருவல்லிக்கேணிக்கு வீடு மாறினார். அங்கே துறைமுக அதிகாரி நாராயண அய்யரும் அவரும் ஆளுக்கு ஒரு சிலேட்டை வைத்துக்கொண்டு இரவு வெகு நேரம் கணக்குப் போடுவார்கள்.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். சீமைக்கு அழைப்பு வந்தது. 1914 மார்ச் 17-ந்தேதி கப்பல் ஏறினார். புறப்படுமுன் குடுமியை எடுக்க வேண்டியிருந்தது. அதைக் காணச் சகிக்காது என்று, தாயையும் மனைவியையும் முன்னதாகவே கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார்.

கம்பளி தெரியாத குளிர்

கேம்பிரிட்ஜில் முதலில் நெவில் என்ற கணித அறிஞரின் வீட்டில் தங்கினார். பிறகு டிரினிட்டிக் கல்லூரியில் அறை கிடைத்தது.

ஒருநாள் அந்த அறைக்கு மகலனோபிஸ் வந்தார். பிற்காலத்தில் புள்ளி விவர இயலில் புகழ்பெற்றவர். அப்போது அவரும் மாணவர். குளிருக்கு என்ன செய்கிறீர்கள் என்று விசாரித்தார். மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையும் போர்த்திக்கொண்டு படுப்பதாகவும், அப்படியும் நடுங்குவதாகவும் ராமானுஜன் சொன்னார். மகலனோபிஸ் கட்டிலைப் பார்த்தார். கம்பளிகள் இருந்தன! மெத்தையோடு சேர்த்துச் செருகி, மேலே விரிப்புப் போட்டிருந்தது. அவற்றுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. விரிப்பின் மேலேயே படுத்து வந்தார். உலகத்துக்குத் தெரியாத கணக்கெல்லாம் தெரிந்தவருக்குச் சீமைப் படுக்கை தெரியவில்லை. யாரும் சொல்லித் தரவில்லை, அவரும் கேட்கவில்லை.

சாப்பாடு அதைவிடக் கஷ்டம். அவர் சுத்த சைவம். கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகமாட்டார். அறையில் தாமே சமைத்துக்கொண்டார். புளி முதலிய சாமான்கள் ஊரிலிருந்து வர வேண்டும். 1914 ஆகஸ்டில் யுத்தம் மூண்டது. சாமான் வருவதும் பால், காய்கறி கிடைப்பதும் சிரமமாயிற்று. கணக்கில் மூழ்கினால் சமையலை மறந்துவிடுவார். சோறு பிசைந்து கையில் வைக்கத் தாயார் பக்கத்தில் இல்லை.

ஒரு நாள் இந்திய நண்பர் ஒருவரையும், இரண்டு பெண்மணிகளையும் விருந்துக்கு அழைத்தார். தாமே ரசம் வைத்துப் பரிமாறினார். இரண்டு முறை வாங்கிக் குடித்தார்கள். மூன்றாம் முறை, போதும் என்றார்கள். சிறிது நேரத்தில் ராமானுஜனைக் காணோம்! நாலைந்து நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து தந்தி வந்தது. 5 பவுன் அனுப்பும்படி நண்பரைக் கேட்டிருந்தார். தாம் பரிமாறியதை அவர்கள் வேண்டாம் என்றதும் மனம் உடைந்து, கையில் இருந்த காசோடு போய்விட்டாராம். அற்பக் காரணம் என்று சிரிக்கத் தோன்றும். வீட்டை விட்டு வெகுதூரத்தில், தனியாகச் சமைத்துச் சாப்பிட்டவர்களுக்கு அது அற்பமாகத் தோன்றாது.

1917-ல் நோய் கண்டது. அதன் பின் வீடு என்று இல்லை. ஒவ்வோர் ஆஸ்பத்திரியாக மாறினார். 1918-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அப்போதும் அவர் நோயாளி. தமக்கு வரும் பணத்தில் பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுன் போக, செலவு நீங்கி மிஞ்சுவதை ஏழை மாணவர்களின் படிப்புக்குக் கொடுக்கும்படி 1919 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார்.

1919-ல் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ந்தேதி சென்னை சேத்துப்பட்டில் ஒரு வீட்டில் காலமானார். வயது 32. கடைசி நாட்களிலும் படுக்கையில் கணக்குப் போட்டார். காகிதம் எடுத்துக் கொடுத்தவர் ஜானகி அம்மாள். ராமானுஜன் கடைசியாக எழுதிய தாள்கள் சீமைக்குப் போய், டிரினிட்டிக் கல்லூரி நூலகத்தில் கிடந்தன. 1976-ல்தான் அமெரிக்கப் பேராசிரியர் ஆண்ட்ரூஸ் அவற்றைக் கண்டெடுத்தார்.

ஜானகி அம்மாள் தையல் வேலை செய்து பிழைத்தார். கணவருடன் குடித்தனம் செய்த திருவல்லிக்கேணியிலேயே பல ஆண்டுகள் வாழ்ந்து, 1994-ல் காலமானார்.