கிருமிகளின் குணம் அறிந்த லூயி பாஸ்டர்

மூணாறு, தேவிகுளம் பக்கம் ராத்திரி அரைத்து வைத்த தோசை மாவு, குளிரில் காலை வரை பொங்காது. சித்தூர், கொழிஞ்சாம்பாறையில் கோடைக் காலத்தில் அதே மாவு விடிவதற்குள் வழிந்து புளித்துவிடும். மாவைப் பொங்க வைப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். சூட்டில் பெருகும், குளிரில் ஒடுங்கும். இவற்றின் வேலையைச் சோதனை செய்து நிரூபித்தவர் லூயி பாஸ்டர்.

பிரான்சு நாட்டில் டோல் என்ற ஊரில் 1822-ம் ஆண்டு டிசம்பர் 27-ந் தேதி பாஸ்டர் பிறந்தார். தந்தை தோல் பதனிடும் தொழிலாளி. குடும்பம் பிறகு ஆர்புவா என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. பாஸ்டருக்கு 8 வயதாகும்போது, வெறி பிடித்த ஓநாய் ஒன்று அந்தப் பக்கத்தில் பலரைக் கடித்துக் குதறியது. கடிபட்டவர்களைக் கொல்லன் பட்டறைக்குக் கொண்டுபோய், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காயத்தில் சூடு போட்டார்கள். அதுதான் அக்காலத்து வைத்தியம். அப்படியும் பலர் இறந்தனர்.

சாராயத் தொட்டியில்...

ரசாயனம் படித்துப் பேராசிரியரான பாஸ்டர், 1854-ல் லில் நகரக் கல்லூரிக்கு வந்தார். அங்கே பீட்ரூட் சாராய ஆலை முதலாளி ஒருவர் 1856-ல் அவரைத் தேடி வந்தார். தொட்டியில் சாறு சாராயமாகாமல் புளித்துப் போகிறது, பெருத்த நஷ்டம் என்று முறையிட்டார். நல்ல தொட்டியிலிருந்தும் கெட்ட தொட்டியிலிருந்தும் துளித் துளியாக எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார் பாஸ்டர். நல்லதில் உருண்டை உருண்டையாக ஈஸ்ட் இருந்தது. கெட்டதில் குச்சி போன்ற மிகச் சிறிய உயிர்கள் நெளிந்தன.

ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக்குகிறது. குச்சிகள் புளிக்கச் செய்கின்றன. அந்த முதலாளிக்கு நஷ்டம் உண்டாக்கிய குச்சி இனந்தான் நம் வீட்டில் பாலைத் தயிராக்குகிறது! இடம் மாறினால் நண்பன் பகைவனாகிறான்.

சித்தூர்த் தோப்புகளில் தென்னங்கள் இறக்குகிறவர்களுக்கு இது புதிதல்ல. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர் இனிக்கும், தடவாவிட்டால் கள்ளாகும், கள் நாள்பட்டால் காடியாகும். காரணம் மட்டுந்தான் தெரியாமல் இருந்தது.

ஒயினைக் கொதிக்க விடாமல் 50, 60 டிகிரிக்குச் சூடாக்கினாலே கெடாது என்று 1860-களில் பாஸ்டர் கண்டார். பின்னர் அது பாலுக்கும் வந்தது. இன்று பால் பண்ணைகளில் 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கி, உடனே குளிர வைக்கிறார்கள். இந்த முறைக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது.

அவர் வீட்டையும் கிருமி விடவில்லை. 5 குழந்தைகளில் 3 பெண்கள் சிறு வயதில் இறந்தனர். அவர்களில் இருவரைக் கொண்டுபோனது டைபாய்டு. 1868-ல் அவருக்கே பக்கவாதம் வந்து, இடப்பக்கம் செயலிழந்தது. அந்த உடம்போடுதான் 1881-ல் ஆடு மாடுகளைக் கொல்லும் அடைப்பான் நோய்க்குத் தடுப்பூசி போட்டுக் காட்டினார்.

கண்ணில் படாத எதிரி

வெறிநாய்க்கடிக் கிருமியோ மைக்ராஸ்கோப்பிலும் தெரியவில்லை. அது வைரஸ். இருந்தாலும் நோயுற்ற முயலின் தண்டுவடத்தை உலர்த்தி, வீரியம் குறைத்து மருந்து செய்தார்.

1885 ஜூலை 6-ந் தேதி, ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனை அவன் தாய் அழைத்து வந்தாள். வெறிநாய் அவனைப் பல இடங்களில் கடித்திருந்தது. பாஸ்டர் டாக்டர் அல்ல. பையன் இறந்தால் பழி அவர் தலையில். ஊசி போடாவிட்டாலோ சாவு ஏறக்குறைய நிச்சயம். துணிந்தார். டாக்டர் ஒருவர் ஊசி போட, 13 ஊசிகளுக்குப் பின் பையன் பிழைத்தான். நாய்களில் சோதனை முழுமையாவதற்குள் அவசரப்பட்டார் என்று பிற்காலத்தில் அவர் குறிப்பேடுகளைப் படித்தவர்கள் குறை கூறியதும் உண்டு.

பாஸ்டர் 1895 செப்டம்பர் 28-ந் தேதி காலமானார். மைஸ்டர் பெரியவனானதும் பாரிசில் பாஸ்டர் நிலையத்திலேயே வாயிற்காவலராக வேலை பார்த்தார்.

1907-ல் குன்னூரில் பாஸ்டர் பெயரிலேயே நிலையம் தொடங்கியது. ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்தை வயிற்றில் நாள்தோறும், 14 ஊசி வரை போட்ட காலம் ஒன்று இருந்தது. அது மறைந்து, இப்போது கையில் போடும் சில ஊசிகளே போதும். ஆனால் கடித்த அன்றே தொடங்க வேண்டும். அதற்கு முன் காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்ப் பொடியும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டுவது, ஆர்புவா கொல்லன் பட்டறை வைத்தியம்தான்.