காற்றை எடை போட்டவர்

கிணற்றில் குழாயை இறக்கி, பம்பு வைத்துத் தண்ணீரை உறிஞ்சினால், சுமார் 34 அடி உயரம் வரைதான் ஏறும். அதற்கு மேல் என்ன பாடுபட்டாலும் ஏறாது. 400 ஆண்டுகளுக்கு முன்பே இத்தாலி நாட்டுப் பம்புத் தொழிலாளிகளுக்கு இது தெரியும். காரணம்தான் தெரியாது. மாமேதை கலிலியோவுக்கே அது பிடிபடவில்லை.

காரணத்தைக் கண்டவர், டாரிசெல்லி.

ஏழை வீட்டுப் பிள்ளை

டாரிசெல்லி 1608ஆம் ஆண்டு பிறந்தார். தகப்பனார் நெசவுத் தொழிலாளி. பையனைப் படிக்க வைக்க வசதி இல்லை. உறவினரான துறவி ஒருவர் பொறுப்பு ஏற்றார். பிறகு டாரிசெல்லி ரோம் நகருக்குப் போனார். அங்கே கலிலியோவின் மாணவரான காஸ்டெல்லியிடம் எழுத்தர் வேலை பார்த்துக்கொண்டே கணிதம் கற்றார்.

பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று எழுதியதற்காக, 1633ஆம் ஆண்டு கலிலியோவை மதகுருமார்கள் விசாரித்து வீட்டுக் காவலில் வைத்தார்கள். டாரிசெல்லிக்கும் அதே கருத்துதான். முந்தின ஆண்டுதான் அதைக் கலிலியோவுக்குக் கடிதத்தில் எழுதியிருந்தார். இப்போது வாயை மூடிக்கொண்டார். கணிதத்தில் கவனத்தைத் திருப்பினார். அந்தக் காலத்தில் வேறு என்ன செய்ய முடியும்?

1641ஆம் ஆண்டு அக்டோபரில் கலிலியோவின் வீட்டுக்கே உதவியாளராகப் போனார். கலிலியோவுக்கு அப்போது கண் பார்வை இல்லை. அவர் சொல்லச் சொல்ல டாரிசெல்லி எழுதினார். மூன்றே மாதம்தான். 1642 ஜனவரியில் கலிலியோ இறந்தார். அவர் வகித்த அரண்மனைக் கணித அறிஞர் பதவி டாரிசெல்லிக்குக் கிடைத்தது.

குருவுக்கு மாறான முடிவு

பாரம் தாங்காத கயிறு அறுவதுபோல, நீர்த்தம்பமும் தன் பாரத்தாலேயே அறுந்துவிடுகிறது என்பது கலிலியோவின் எண்ணம். டாரிசெல்லி குருவைத் தெய்வமாக மதித்தவர். ஆனாலும் இதை ஏற்கவில்லை.

தண்ணீரை மேலே இருந்து எதுவும் இழுக்கவில்லை, கீழே இருந்து காற்று தள்ளுகிறது என்றார். காற்றுக்கும் எடை உண்டு. அது பூமியைப் போர்வைபோல் மூடியிருக்கிறது. கிணற்று நீரையும் அமுக்குகிறது. குழாய்க்குள் இருக்கும் காற்றை எடுத்துவிட்டால், வெளிக்காற்று தண்ணீரை உள்ளே ஏற்றுகிறது. 34 அடித் தண்ணீரின் பாரமும் காற்றின் பாரமும் சமம். அத்துடன் ஏற்றம் நின்றுவிடும்.

சரி, எப்படி நிரூபிப்பது? 34 அடிக்கு மேல் கண்ணாடிக் குழாய் செய்ய வேண்டுமே! இங்கேதான் டாரிசெல்லியின் மூளை வேலை செய்தது. பாதரசம் தண்ணீரைவிடப் பதின்மூன்றரை மடங்கு கனமானது. அப்படியானால் அது இரண்டரை அடி உயரம்தான் நிற்க வேண்டும்.

நண்பர் விவியானி சோதனை நடத்தினார். சுமார் நாலடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, வாயை விரலால் அடைத்து, பாதரசக் கிண்ணத்தில் கவிழ்த்து, விரலை எடுத்தார். பாதரசம் இறங்கியது. கணக்குப்படியே சுமார் 76 சென்டிமீட்டரில் நின்றுவிட்டது!

மேலே வெற்றிடம் இருக்கிறதே, அதுதான் பாதரசத்தைப் பிடித்து இழுக்கிறதோ? அதற்கும் டாரிசெல்லி வழி வைத்திருந்தார். உச்சியில் பெரிய குமிழ் உள்ள இன்னொரு குழாயையும் கவிழ்க்கச் செய்தார். அதில் வெற்றிடம் அதிகம். ஆனாலும் இரண்டிலும் பாதரசம் ஒரே மட்டம்.

நம் உள்ளங்கை 100 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதன் மேல் ஏறக்குறைய 100 கிலோ காற்றுப் பாரம் இருக்கிறது. கையின் அடியிலும் காற்று அதே அளவு மேல்நோக்கி அமுக்குவதால் நமக்குத் தெரிவதில்லை.

வெற்றிடம் என்று ஒன்று இருக்கவே முடியாது என்று பண்டிதர்கள் சாதித்த காலம் அது. டாரிசெல்லி இதைப் புத்தகமாக அச்சிடவில்லை. 1644 ஜூன் மாதம், ரோமில் இருந்த நண்பர் ரிச்சிக்குக் கடிதமாக எழுதினார்.

செய்தி பிரான்சுக்குப் பரவியது. அமுக்குவது காற்றுதான் என்றால், மலை உச்சியில் பாதரசம் இறங்க வேண்டும் என்று பாஸ்கல் நினைத்தார். அவருடைய மைத்துனர் பெரியே, 1648 செப்டம்பர் 19ஆம் தேதி புய் த தோம் மலையில் குழாயோடு ஏறினார். பாதரசம் மூன்று அங்குலத்துக்கு மேல் இறங்கியது.

அதைக் கேட்க டாரிசெல்லி இல்லை. 1647 அக்டோபர் 25ஆம் தேதி, 39ஆவது வயதில் நோயால் இறந்துவிட்டார். பிளாரன்ஸ் நகரின் சான் லொரென்சோ தேவாலயத்தில் அவரை அடக்கம் செய்து ஏறக்குறைய 11 மாதம் ஆகியிருந்தது.