உதவித்தொகை தேடிய மாணவர் அம்பேத்கர்

அண்ணல் அம்பேத்கர் அவர்களின் பெயருக்குப் பின்னே வரும் பட்டங்களை நம் இல்லத்துச் சிறுவர்களும் ஒப்புவிப்பர். எம்.ஏ., பிஎச்.டி., எம்.எஸ்சி., டி.எஸ்சி., பாரிஸ்டர் என்று வரிசை தவறாமல் சொல்வர். ஆனால் அப்பட்டங்களைப் பெறுவதற்கான பணம் எங்கிருந்து வந்தது, இடையில் ஏன் நின்று போயிற்று, நின்றபின் அவர் என்ன செய்தார் என்பவற்றை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நம் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், கல்லூரிப் படிப்பையும் ஆராய்ச்சிப் படிப்பையும் நாடி நிற்கும் நம் இளைஞர்களுக்கு அண்ணலின் வாழ்வில் அந்த ஒரு பகுதியை மட்டும் எடுத்துரைக்க விழைகின்றோம்.

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மாவ் நகரில் பிறந்த பீமராவ், தம் பெற்றோருக்குப் பதினான்காவது பிள்ளை. தந்தை ராம்ஜி சக்பால் இராணுவத்தில் சுபேதாராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பம்பாய்க்குக் குடிபெயர்ந்தபின் தொழிலாளர் வாழும் சால் ஒன்றில் ஒற்றை அறையே அக்குடும்பத்தின் வீடு. மகன் புத்தகம் வேண்டும் என்று கேட்டால், தந்தை மணமாகிச் சென்ற பெண்மக்களின் வீட்டிற்கு நடப்பார். அவர்களுடைய நகையை வாங்கி அடகு வைத்துப் புத்தகத்தோடு திரும்புவார். அண்ணல் பெற்ற முதல் உதவித்தொகை அரசர் தந்ததன்று, அக்காமார் கழற்றிக் கொடுத்த நகையே என்று நாம் கூறினால் அது மிகையாகாது.

1907இல் அவர் மெட்ரிக்குலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார். அந்நாளில் தீண்டப்படாதார் எனப்பட்ட ஒரு வகுப்பில் பிறந்த மாணவர் அத்தேர்வில் வெற்றி பெறுவது அரிய செய்தி. அதற்கெனப் பாராட்டுக் கூட்டம் நடந்தது. அக்கூட்டத்திற்கு வந்திருந்த ஆசிரியர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர், தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றை அம்மாணவருக்குப் பரிசளித்தார். கையில் ஒரு நூலைக் கொடுத்ததோடு தம் கடமை முடிந்தது என்று அவர் இருந்துவிடவில்லை. எல்பின்ஸ்டன் கல்லூரியில் படிப்பைத் தொடரப் பணம் இல்லாதபோது, பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அவர்களிடம் எடுத்துரைத்து உதவி பெற வழி செய்தார். மாதம் 25 ரூபாய் உபகாரச் சம்பளம் கிடைத்தது. கேளுஸ்கர் நம் குலத்தவர் அல்லர். மாணவரைத் தம் கண்ணால் கண்டு, உரிய இடத்தில் சொல்லி வைத்த ஆசிரியர். உதவித்தொகை தேடும் மாணவருக்கு இத்தகைய ஓர் ஆசிரியரின் அறிமுகம் எத்துணை இன்றியமையாதது என்பதை விண்ணப்பம் எழுதியோர் அறிவர்.

பி.ஏ. பட்டம் பெற்றபின் 1913 தொடக்கத்தில் அண்ணல் பரோடா அரசுப் பணியில் சேர்ந்தார். சேர்ந்த சில நாளில் தந்தை மறைந்தார். அவ்வேளையில் பரோடா மன்னர் சில மாணவர்களை அமெரிக்காவில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்திற்கு அனுப்ப எண்ணியிருந்தார். அண்ணல் விண்ணப்பித்தார், தேர்ந்தெடுக்கப்பெற்றார். மாதம் 11½ பவுன், மூன்றாண்டுக் காலம், படிப்பு முடிந்தபின் பரோடா அரசில் பத்தாண்டுப் பணி என்ற நிபந்தனைகளுடன் 1913 ஜூன் 4ஆம் நாள் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார்.

அவ்வாண்டு ஜூலையில் நியூயார்க் சேர்ந்தார். அம்மூன்றாண்டுகளை அவர் செலவிட்ட வகையை நம் இளைஞர் கூர்ந்து நோக்க வேண்டும். பொருளாதாரத்தில் மட்டும் 29 பாடங்கள்; வரலாற்றில் 11; சமூகவியலில் 6; இவற்றோடு தத்துவம், மானிடவியல், அரசியல், பிரெஞ்சு, ஜெர்மன். பட்டத்திற்கு எத்தனை பாடம் போதும் என்று எண்ணிப் படித்தவரின் கணக்கு அன்று இது. தொகை நிற்கும் நாளை அறிந்து, அதற்குள் அள்ளக்கூடியதை எல்லாம் அள்ளிக்கொண்டவரின் கணக்கு. 1915இல் எம்.ஏ. பெற்றார். 1916 மே மாதம் இந்தியச் சாதிகளின் தோற்றம் பற்றிய கட்டுரையை ஒரு கருத்தரங்கில் படித்தார். தமக்கு வந்த தொகையில் மிச்சம் பிடித்து வீட்டுக்கும் அனுப்பினார்.

1916இல் இலண்டன் சென்று பொருளாதாரக் கல்லூரியிலும் கிரேஸ் இன்னிலும் சேர்ந்தார். அங்குதான் இடி விழுந்தது. உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டதால் திரும்பி வருமாறு பரோடா திவானிடமிருந்து ஆணை வந்தது. ஆய்வு பாதியில் நிற்கிறது. சட்டப் படிப்பு தொடக்கத்தில் நிற்கிறது. வேறொருவராயின் மனமுடைந்து கப்பல் ஏறியிருப்பார். அண்ணல் கப்பல் ஏறுமுன் ஒரு காரியம் செய்தார். பேராசிரியர் எட்வின் கானன் துணையோடு, 1917 அக்டோபர் முதல் நான்காண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்ற அனுமதியைப் பல்கலைக்கழகத்திடம் பெற்றுக்கொண்டார். வாயில் மூடப்படும் வேளையில் தாழ்ப்பாள் விழாதபடி தடுத்து வைத்த செயல் இது. படிப்பை இடையில் விட நேரும் நம் மாணவர்களில் எத்தனை பேர் நிறுவனத்திற்கு ஒரு கடிதமேனும் எழுதிவிட்டு வெளியேறுகின்றனர்?

அது முதல் உலகப் போர்க் காலம். அவருடைய பெட்டிகளையும் நூல்களையும் ஏற்றிவந்த கப்பல் ஜெர்மானியரின் தாக்குதலில் மூழ்கியது. அதற்கு இழப்பீடாகத் தாமஸ் குக் நிறுவனம் அளித்த 600 ரூபாயில் ஒரு பகுதியே, ஒப்பந்தப்படி பரோடாவுக்குச் சென்று பணியேற்க அவருக்கு வழிச் செலவாயிற்று!

பரோடாவில் நிகழ்ந்ததை நம்மவர் அனைவரும் கேட்டிருப்பர். இராணுவச் செயலாளர் பதவி கிடைத்தது; தலை சாய்க்க இடம் கிடைக்கவில்லை. எந்த விடுதியும் ஏற்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள், கையில் தடியேந்திய பார்சிகள் கூட்டமாக வந்து அவரை வெளியேற்றினர். நண்பர்கள் வீடுகளிலும் இடமில்லை. பூங்காவில் மரத்தடியில் அமர்ந்து கண்ணீர் வடித்துவிட்டுப் பம்பாய்க்கு இரயில் ஏறினார். கடல் கடந்து படிக்கப் பணம் தந்த மன்னரால், தம் தலைநகரில் அம்மாணவருக்கு ஒரு வாடகை அறை தேடித்தர இயலவில்லை. மன்னரைக் குறைகூற இதனை எழுதவில்லை. 1906லேயே தம் நாடு முழுவதும் கட்டாயக் கல்வியைக் கொணர்ந்தவர் அவர். பத்தாண்டுப் பணி என்ற நிபந்தனை நிறைவேறாமற் போனதற்குக் காரணம் மாணவர் அல்லர், ஊர் என்பதையே குறிப்பிடுகின்றோம்.

1918 நவம்பரில் சிடனம் கல்லூரியில் பேராசிரியரானார். மாதம் 450 ரூபாய் ஊதியம். ஆசிரியர் அறையின் தண்ணீர்ப் பானையை அவர் தொடுவதற்கு உடன் பணிபுரிந்தோர் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். அவர் மனமோ இலண்டன் தந்த நான்காண்டுக் கெடுவின் மீதே இருந்தது. எளிய சாலில் குடியிருந்து ஊதியத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் உதவினார். கொலம்பியாவில் உடன் பயின்ற நண்பர் நாவல் பாதேனா 5,000 ரூபாய் கடன் கொடுத்தார். விடுதியிலிருந்து துரத்தியவர்களும் பார்சிகள், நம்பிக் கடன் கொடுத்தவரும் பார்சி என்பதைக் கூறாமல் விடுவது நேர்மையாகாது. 1920 ஜூலையில், கெடு முடிய ஓராண்டுக்கு மேல் இருக்கும்போதே, அண்ணல் மீண்டும் இலண்டனுக்குப் புறப்பட்டார்.

இம்முறை மாதந்தோறும் வரும் உதவித்தொகை இல்லை. அருங்காட்சியக நூலகம் திறக்கும்போது உள்ளே சென்று, மூடும்போது வெளியே வந்தார். விடுதியம்மையார் தரும் அரைகுறை உணவு போதாமல், இரவில் அப்பளத்தைச் சுட்டுத் தின்று பசியாறினார். 1921இல் எம்.எஸ்சி. பெற்றார். ரூபாய் நாணயம் பற்றிய ஆய்வை 1922இல் அளித்தார். தேர்வாளர்கள் திருத்தி எழுதுமாறு கூறினர். கையிலோ பணம் தீர்ந்துவிட்டது. 1923இல் நாடு திரும்பி, பம்பாயில் இருந்தவாறே திருத்தி அனுப்பினார்; அவ்வாண்டிலேயே டி.எஸ்சி. பட்டம் வந்தது. பாரிஸ்டராகப் பதிவு செய்துகொள்ளும் கட்டணத்திற்கும் பாதேனாவே கைகொடுத்தார். மாகாண நிதி பற்றிய கொலம்பியா ஆய்வு 1925இல் நூலாகி, 1927இல் பிஎச்.டி. பட்டத்தைத் தந்தது. அந்நூலைத் தம் கல்விக்கு உதவிய சாயாஜிராவ் மன்னருக்கே அண்ணல் காணிக்கையாக்கினார்.

தாம் பட்ட பாட்டை அவர் மறக்கவில்லை. ஒரு மாணவன் படிப்பதற்கு நல்ல மன்னர் ஒருவரும், அவரை அறிந்த ஆசிரியர் ஒருவரும், கடன் தரும் நண்பர் ஒருவரும் ஒருசேர வாய்க்க வேண்டும் என்றால் எத்தனை பேருக்கு வாய்க்கும்? 1942இல் வைசிராயின் நிருவாகக் குழுவில் உறுப்பினரானதும், தாழ்த்தப்பட்ட வகுப்பாரின் குறைகளை விரிவான கோரிக்கை மனுவாக எழுதி வைசிராயிடம் அளித்தார். காசி இந்துப் பல்கலைக்கழகத்திற்கும் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்திற்கும் அரசு ஆண்டுதோறும் தரும் மானியத்தைச் சுட்டி, அறிவியலும் தொழில்நுட்பமும் பயிலவும் வெளிநாடு சென்று படிக்கவும் நம் மாணவர்க்கும் நிதி ஒதுக்குமாறு அதில் கேட்டார். இரந்து கேட்கவில்லை, பிறர்க்குத் தருவதைக் கணக்கிட்டுக் காட்டிக் கேட்டார். அதன் விளைவாக 1944இல் பள்ளி இறுதிக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகைத் திட்டம் ஆண்டுக்கு 3 இலட்சம் ரூபாயில் தொடங்கியது. நம் சங்க உறுப்பினர் பலர் பட்டம் பெற்றது இத்திட்டத்தின் வழி வந்த பணத்தினாலேயே. சுதந்திர இந்தியாவில் வெளிநாட்டுக் கல்விக்கான தேசிய உதவித்தொகை 1954-55இல் வந்தது. முனைவர் பட்ட ஆய்வாளர்க்கான தேசிய உதவித்தொகை 2005-06இல் வந்தது.

உதவித்தொகை பெற்றாலும் பகலில் வேலைக்குச் செல்லாமல் குடும்பத்தைக் காக்க இயலாத இளைஞர் பலர் உண்டு என்பதையும் அண்ணல் கண்டிருந்தார். 1945 ஜூலை 8ஆம் நாள் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். அடுத்த ஆண்டு ஜூன் 20ஆம் நாள் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி திறக்கப்பெற்றது. அலுவலகங்களில் பணிபுரியும் ஏழை இளைஞர்கள் படித்துவிட்டு வேலைக்குச் செல்லும் வண்ணம் வகுப்புகள் காலை வேளையிலேயே நடைபெற்றன.