எண்களின் காவலர்

பொது இணையத்தில் சேரும் கணினிக்கு ஓர் எண் உண்டு. அதுவே அதன் முகவரி. ஒரே எண் இரு கணினிகளுக்கு அமைந்தால் செய்தி செல்லும் வழி குழம்பும். எனவே எண்களைப் பகிர்ந்தளித்துப் பதிவுசெய்ய ஒருவர் வேண்டும். கால் நூற்றாண்டுக்கும் மேலாக அப்பணியைத் தாங்கியவர் ஜான் போஸ்டல்.

இவர் 1943 ஆகஸ்டு 6 அன்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பிறந்தார். லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இவர் பயின்றபோது, இணையத்தின் முன்னோடியாகிய ஆர்ப்பாநெட்டின் முதற்செய்தி 1969இல் அங்கிருந்தே அனுப்பப்பட்டது. எந்த எண் எதற்கு உரியது என்று குறித்துவைக்கும் எழுத்தர் வேலையைப் போஸ்டல் விரும்பி ஏற்றார். நெறிமுறைகளை விளக்கும் ஆவணங்களின் பதிப்பாசிரியர் பொறுப்பும் இவரிடமே இருந்தது. எவரும் கட்டணமின்றிப் படித்துக் குறை கூறத்தக்க ஆவணங்கள் அவை. தேர்தலில் வென்று இவர் அவ்விடத்திற்கு வரவில்லை. தாடியும் செருப்புமாய்த் திரிந்த இம்மனிதரின் சொல்லைப் பொறியாளர்கள் ஏற்றதற்கு, இவர்மீது கொண்ட நம்பிக்கையே காரணம்.

அந்நம்பிக்கை முதலில் சோதிக்கப்பட்டது நெறிமுறை மாற்றத்தின்போது. பல வலையமைப்புகளை ஒன்றிணைக்கும் ஆற்றல் பழைய நெறிமுறைக்கு இல்லை. புதிய நெறிமுறையின் வரையறையை 1981இல் பதிப்பித்த போஸ்டல், மாறுவதற்கான திட்டத்தையும் எழுதினார். நிலையங்கள் பல தயங்கின. பழையது நன்றாக இயங்கும்போது உழைப்பைச் செலவிட எவர்தான் முன்வருவர்? ஆயினும் 1983 ஜனவரி 1 மாற்ற நாளாகக் குறிக்கப்பட்டு, பழைய நெறிமுறை கைவிடப்பட்டது. புதிய முறையில் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளுக்கு இடமிருந்தது. அன்று இணைந்திருந்த கணினிகளோ சில நூறே.

இணையம் வணிகமாக வளர்ந்தபின், அதை ஆளும் உரிமை யாருக்கு என்ற வழக்கு எழுந்தது. களப்பெயர்களின் மூலப்பட்டியலை அரசு ஒப்பந்தத்தின்கீழ் ஒரு தனியார் நிறுவனம் பேணிவந்தது. 1998 ஜனவரி 28 அன்று, அந்நிறுவனத்தின் கணினிக்கு மாற்றாகத் தம் ஆய்வகக் கணினியிலிருந்து பட்டியலைப் பெறுமாறு வேர் வழங்கிகளை நடத்தியோரைப் போஸ்டல் கேட்டுக்கொண்டார். எட்டு வழங்கிகள் உடனே மாறின. பயனர் எவரும் வேறுபாட்டை உணரவில்லை; வாஷிங்டன் உணர்ந்தது. இது சோதனையே என்று போஸ்டல் விளக்கினார். அரசின் வற்புறுத்தலால் சில நாள்களில் பழைய நிலை திரும்பியது. ஒரு மின்னஞ்சலால் இணையத்தின் மையம் இடம்பெயரக்கூடும் என்பது அன்று வெளிப்பட்டது. நல்லவரேயாயினும் தனியொருவரிடம் இத்துணை அதிகாரம் இருக்கலாமா என்ற கேள்வியைப் புறந்தள்ள இயலாது.

அவ்வாண்டு செப்டம்பர் இறுதியில், இப்பொறுப்புகளை ஏற்பதற்காக ஐகான் என்னும் அமைப்பு நிறுவப்பட்டது. அதன் உருவாக்கத்தில் முன்னின்ற போஸ்டல், இதய அறுவைக்குப் பின் அக்டோபர் 16 அன்று, 55ஆம் வயதில் காலமானார்.

ஐபி ஆறாம் பதிப்பு எனப்படும் விரிந்த முகவரிமுறையின் திருத்திய வரையறை இரண்டு திங்களில் வெளிவந்தது. பழைய முகவரிகளின் பொது இருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்தது. ஆயினும் 1983இல் செய்ததுபோல் ஒரே நாள் குறித்துப் பழைய முறையை நிறுத்தும் அதிகாரம் இப்போது எவரிடமும் இல்லை. இரண்டும் அருகருகே இயங்கிவருகின்றன.